ஓடச் சொன்ன விதி: மேசை வேடமேற்பு ஆட்டச் சண்டையில் அச்ச விளைவு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவாகும் நிகழ்வு பெரம்பூரில், ரயில்வே பணிமனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு வீட்டின் மாடி அறையில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஐந்து பேர் அங்கே கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்கள். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் இது. கையாளும் விதிகள் 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை. ஆட்டத்தை நடத்துபவரை டிஎம் என்றே அழைக்கிறோம். அவர் குழுவில் மூத்தவர், எண்ணூர்ப் பக்கம் வளர்ந்தவர். மற்ற நால்வரில் ஒருவர் வாளேந்தும் ஃபைட்டர், ஒருவர் ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்து ரோக் (ஒளிந்து தாக்குபவர்), ஒருவர் மந்திரம் போடும் விசார்ட். தெய்வ அருளால் மந்திரம் போடும் கிளெரிக் பாத்திரம் என்னுடையது. இப்படிப்பட்ட பாத்திர வகையை வகுப்பு என்பார்கள். சண்டைக் குறிப்புகளைச் சுற்றுவாரியாக எழுதிவைக்கும் பொறுப்பும் என்னிடம் இருப்பதால், இந்தப் பதிவை நினைவை மட்டும் நம்பி எழுத வேண்டிய நிலை ஏற்படவில்லை.

அப்போது பாத்திரங்கள் அனைத்தும் ஐந்தாம் நிலையில் இருந்தன. ஃபைட்டரை ஆடுபவர் குழுவிலேயே இளையவர். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஷிப்டு வேலை பார்ப்பவர். இரவு ஷிப்டு முடிந்து சில மணி நேரம் தூங்கிவிட்டு நேரே மேசைக்கு வருகிறவர். தம் பாத்திரத்தை உருவாக்கும்போது உடல் வலிமைக்கும் தாங்குதிறனுக்கும் நல்ல எண்களைக் கொடுத்துவிட்டு, விஸ்டம் என்ற மனத்திறனுக்கு மிஞ்சிய 8-ஐ வைத்திருந்தார். ஃபைட்டர் எடுப்பவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் செய்வார்கள். வாள் வீசும் வேலைக்கு விஸ்டம் எதற்கு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஐந்தாம் பதிப்பில் அச்சத்தைத் தாங்கும் சேவ், அதாவது தீங்கைத் தடுக்க 20 முகப் பகடையில் உருட்டும் உருட்டல், கிட்டத்தட்ட எப்போதும் விஸ்டத்தைக் கொண்டே உருட்டப்படுகிறது. 8 என்றால் அந்த உருட்டலில் ஒன்று கழியும். ஃபைட்டர் வகுப்புக்கு விஸ்டம் சேவில் தேர்ச்சியும் அதனால் வரும் கூட்டலும் கிடையாது.

மேசையில் உலோகப் பொம்மைகள் இல்லை. கட்டம் போட்ட விரிப்பின் மேல் கேரம் காய்களை வைத்து ஆடுகிறோம். ஒரு கட்டம் ஐந்து அடி. வெள்ளைக் காய்கள் எங்களுடையவை, கறுப்பு எதிரிகளுடையவை, சிவப்பு அன்றைய முதன்மை எதிரிக்கு உரியது.

அன்றைய எதிரி ஒரு பான்ஷீ, அதாவது அலறும் பெண் பிசாசு. கழிமுகத்தை ஒட்டிய உப்பளங்களுக்கு நடுவே இடிந்து கிடக்கும் ஒரு வணிகர் மாளிகையில் அவள் உறைவதாக டிஎம் கதையை அமைத்திருந்தார். விதிநூலின்படி பான்ஷீயிடம் இரண்டு பெரும் ஆயுதங்கள் உண்டு. ஒன்று அவள் முகம்: 60 அடிக்குள் அவளைக் காணும் ஒவ்வொருவரும் 13 அல்லது அதற்கு மேல் விஸ்டம் சேவ் உருட்டாவிட்டால் ஒரு நிமிடத்துக்கு, அதாவது பத்துச் சுற்றுகளுக்கு, அச்ச நிலைக்கு உள்ளாவர். எல்லோரும் ஆளுக்கொரு முறை ஆடி முடிப்பது ஒரு சுற்று. பயந்தவர் தம் ஒவ்வொரு முறையின் முடிவிலும் மீண்டும் உருட்டலாம். அப்போது பான்ஷீ கண்ணுக்குத் தெரிந்தால் அந்த உருட்டல் டிஸ்அட்வான்டேஜில் நடக்கும். இரண்டு பகடை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். மற்றொன்று அவள் அலறல்: நாளுக்கு ஒரு முறை, 30 அடிக்குள் அதைக் கேட்பவர்கள் தாங்குதிறன் சேவில் தோற்றால் உயிர்ப்புள்ளிகள் நேரே பூச்சியத்துக்கு இறங்கும்.

முதல் மோதலில் காணப்பட்டவை

முதல் சுற்றிலேயே பான்ஷீ முகத்தைக் காட்டினாள். கிளெரிக்கும் ரோக்கும் தாங்கினார்கள். ஃபைட்டரும் விசார்டும் தோற்றார்கள். உடனே டிஎம், பயந்தவர்கள் தங்கள் முறை வரும்போதெல்லாம் முழு வேகத்தில் அவளை விட்டு ஓட வேண்டும், வேறு எதுவும் செய்ய முடியாது என்று அறிவித்தார். யாரும் மறுக்கவில்லை. பயந்தவன் ஓடுவான் என்பதில் மறுக்க என்ன இருக்கிறது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

ஃபைட்டர் முதல் முறையில் நடையும், அதே தூரம் மறுபடி ஓட விடும் டேஷும் சேர்த்து 60 அடி ஓடி, கூடத்தை விட்டு வெளியேறினார். முறை முடிவில் சேவ் உருட்டினார். அவர் அப்போது ஒரு சுவருக்கு அப்பால் இருந்தும், டிஎம் இரண்டு பகடை உருட்டச் சொன்னார். தோல்வி. இரண்டாம் சுற்றில் இன்னொரு 60 அடி, இன்னொரு தோல்வி. மூன்றாம் சுற்றில் வெள்ளைக் காய்க்கு விரிப்பில் இடம் தீர்ந்துபோனது. அதை எடுத்து விரிப்புக்கு வெளியே, டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதன்பின் அவருடைய முறை என்பது, “ஓடுறேன்” என்று சொல்லி இரண்டு பகடையைத் தள்ளிவிடுவது மட்டுமாயிற்று. மற்றவர்கள் முறைக்கு இரண்டு மூன்று நிமிடம் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசார்ட் இரண்டாம் சுற்றிலேயே தேறித் திரும்பிவிட்டார். மூன்றாம் சுற்றில் பான்ஷீ அலறினாள். ரோக் விழுந்தார், நான் தாங்கினேன். முன்னே நின்று அடி வாங்க ஆளில்லாமல் போனதால் எஞ்சிய வேலை முழுவதும் ரோக்கை எழுப்பி இழுத்துக்கொண்டு வெளியேறுவதாக மாறிவிட்டது. நான்காம் சுற்றின் முடிவில்தான் ஃபைட்டர் சேவில் வென்றார். அதற்குள் அவர் 240 அடி தள்ளி இருந்தார். திரும்பி ஓடிவர இன்னும் நான்கு சுற்றுகள் வேண்டும். ஐந்தாம் சுற்றில் நாங்களே மாளிகையை விட்டு ஓடினோம். வழியில் அவரைச் சந்தித்தோம்.

இதே மோதலில் வேறொன்றும் நடந்தது. அலறலை டிஎம் ஒப்பாரியாகவே, தாழ்ந்த குரலில் தொடங்கி மார்பில் தட்டியபடி, பாடிக் காட்டினார். அறையில் ஒரு நிமிடம் அசைவில்லை. நடிப்பு என்ற அளவில் அது மிக நன்றாக இருந்தது. ஆனால் அந்த மாதம்தான் ரோக்கை ஆடுபவரின் வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்திருந்தது. அவர் அப்போது எதுவும் சொல்லவில்லை. படி இறங்கும்போது டிஎம்மைத் தனியே அழைத்துப் பேசினார்.

அடுத்த ஞாயிறு ஃபைட்டர் வரவில்லை. வேலை இருக்கிறது என்று செய்தி அனுப்பினார். நடுவில் ஒரு நாள் மாலை டிஎம் அவரை டீக்கடையில் பார்த்தபோது காரணம் வெளிவந்தது: “என் ஆளு பயந்தான், அது ஓகே ணா. ஆனா நான் ஆடவே இல்லையே.” இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கான விளக்கம் என்றே கொள்ளலாம்.

விதி சொல்வதும் மேசையில் நடந்ததும்

ஐந்தாம் பதிப்பில் அச்ச நிலை இரண்டே காரியங்களைச் செய்கிறது. அச்சத்துக்குக் காரணமானது கண்ணுக்குத் தெரியும்வரை, அந்தப் பாத்திரத்தின் தாக்குதல் உருட்டல்களும் திறன் உருட்டல்களும் டிஸ்அட்வான்டேஜில் நடக்கும். அதோடு, தானாக விரும்பி அதை நெருங்கிச் செல்ல முடியாது. ஓட வேண்டும் என்று எங்கும் இல்லை. இருக்கும் இடத்தில் நிற்கலாம். பக்கத்தில் இருந்தால் பக்கத்திலேயே நின்று வெட்டலாம். வில்லெடுக்கலாம், மந்திரம் போடலாம், மருந்து குடிக்கலாம், விழுந்தவரைத் தூக்கலாம், எதிரி நெருங்கினால் அடிப்பேன் என்று ரெடி ஆக்‌ஷன் வைத்துக் காத்திருக்கலாம்.

அப்படியானால் ஓட்டம் எங்கிருந்து வந்தது? டிஎம் இந்த ஆட்டத்தைக் கற்றது 2003-இல் வந்த 3.5 பதிப்பில். அந்த விதிகளில் அச்சம் படிப்படியாக ஏறும்: முதல் படியில் உருட்டல்களில் இரண்டு கழியும், இரண்டாம் படியில் அதோடு ஓடவும் வேண்டும், மூன்றாம் படியில் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். முதல் படியில் இருப்பவர் மேல் இன்னொரு முதல் படி விழுந்தால் அது இரண்டாம் படி ஆகிவிடும். இரண்டாம் படிக்கு அங்கே இருந்த பெயரும், ஐந்தாம் பதிப்பில் உள்ள ஒரே அச்ச நிலையின் பெயரும் ஒன்றே. பெயர் ஒன்றாக இருந்ததால் பழைய நடத்தையும் கூடவே வந்துவிட்டது. ஐந்தாம் பதிப்பிலும் ஓட வைக்கும் அச்சம் உண்டு. மூன்றாம் நிலை மந்திரமான ஃபியர் 30 அடிக் கூம்பில் விழுபவர்களைக் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் டேஷ் எடுத்து ஓடச் செய்யும். ஆனால் அங்கே ஓட்டம் அந்த மந்திரத்தின் வரிகளில் தனியே எழுதப்பட்டிருக்கிறது; நிலையின் பகுதியாக இல்லை.

இரண்டாவது வழுவலின் பாதிப்பு அதைவிடப் பெரிது என்பது என் கருத்து. பான்ஷீ கண்ணில் படாதபோது மறு சேவ் சாதாரணமாகவே உருட்டப்பட வேண்டும். ஃபைட்டருக்கு 20 முகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 35 விழுக்காடு. டிஸ்அட்வான்டேஜில் அது ஏறத்தாழ 12 விழுக்காடாகச் சுருங்குகிறது. மூன்று மறு உருட்டல்களுக்குப் பிறகும் அச்சத்திலேயே இருக்கும் வாய்ப்பு முதல் கணக்கில் 27 விழுக்காடு, இரண்டாம் கணக்கில் 68. சராசரியாகப் பார்த்தால் சுவருக்குப் பின்னால் இருப்பவர் மூன்று முறைக்குள் தெளிவார். அவளைப் பார்த்துக்கொண்டே நிற்பவர் எட்டு முறை காத்திருக்க வேண்டும். எங்கள் சண்டைகள் ஐந்து அல்லது ஆறு சுற்றுகளில் முடிந்துவிடுபவை. ஆக, ஃபைட்டர் மறைவிடத்துக்கு ஓடிப்போயும் அதன் பலனைப் பெறவில்லை. ஓடிய தூரத்தை மட்டும் சுமந்தார்.

குறிப்புகளைத் திரும்பப் பார்த்தபோது இன்னொரு சமமின்மையும் தெரிந்தது. அச்சம் தாக்குதல் உருட்டலைத்தான் கெடுக்கிறது. எதிரி சேவ் உருட்ட வேண்டிய மந்திரங்களையும், உருட்டலே இல்லாத மந்திரங்களையும் அது தொடுவதில்லை. விசார்டின் மேஜிக் மிசைல் குறி தவறாது. ஆகவே பயந்து நடுங்கும் விசார்ட் அந்த மந்திரத்தைப் போடும்வரை எதையும் இழப்பதில்லை. நெருங்கி வெட்டி வாழும் ஃபைட்டருக்கோ நெருங்குவதுதான் தடை. ரோக் நிலை இன்னும் மோசம்: டிஸ்அட்வான்டேஜ் இருக்கும்போது, கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக் அவருக்குக் கிடைக்காது. ஒரே நிலை, மூன்று வகுப்புகளுக்கு மூன்று விலை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஃபைட்டர் திரும்பி வந்த வாரம், ஆட்டத்தைத் தொடங்கும் முன் விதியின் வாசகத்தை டிஎம் உரக்க வாசித்தார். அதன்பின் மூன்று வழிகள் பேசப்பட்டன.

முதலாவது, பழையபடி ஓட்டத்தையே வீட்டு விதியாக வைத்துக்கொள்வது. விசார்டை ஆடுபவர் இதற்கு ஓரளவு ஆதரவாகப் பேசினார். பயந்த வீரன் நின்ற இடத்தில் நின்று வில்லெய்வது அவருக்கு நம்பும்படியாக இல்லை. நியாயமான மறுப்புதான். ஆனால் பான்ஷீயின் அச்சம் பத்துச் சுற்று நீளக்கூடியது. அந்த நீளம், பயந்தவர் களத்திலேயே இருந்து ஏதாவது செய்வார் என்ற கணக்கில் வைக்கப்பட்டது. நீளத்தை வைத்துக்கொண்டு ஓட்டத்தையும் சேர்த்தால், ஒரு உருட்டலில் ஒருவரை மேசையிலிருந்தே எழுப்பி அனுப்பியதாகிவிடும்.

இரண்டாவது, பாத்ஃபைண்டர் என்ற வேறொரு வேடமேற்பு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு முறையைக் கடன் வாங்குவது. 2019-இல் வந்த அந்த விதிகளில் அச்சத்துக்கு ஓர் எண் உண்டு. அந்த எண் எல்லா உருட்டல்களிலும் கழியும். ஒவ்வொரு முறை முடிவிலும் தானாக ஒன்று குறையும். யாரும் சிக்கிக்கொள்வதில்லை, மறு உருட்டலும் தேவையில்லை. தனிப்பட்ட முறையில் எனக்கு இது பிடித்திருந்தது. ஆனால் டிஎம் ஏற்கவில்லை. அச்சம் தானாகவே கரையும் என்றால் ஹாஃப்லிங்கின் துணிவு, பார்ட், பாலடின் வகுப்பினர் போடும் ஹீரோயிசம் மந்திரம், பத்தாம் நிலைப் பாலடினின் தைரிய வளையம் என அச்சத்தைத் தாங்க உதவும் அனைத்தும் மதிப்பிழக்கும். ஒரு திருகாணியைக் கழற்றினால் எது ஆடும் என்று தெரியாது என்றார். அந்த வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மூன்றாவதே ஏற்கப்பட்டது: விதியை எழுதியபடியே ஆடுவது, ஆனால் பயந்தவர் முன்னால் ஒரு அட்டையை வைப்பது. பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் டிஎம் அதை எழுதினார். மேலே இரண்டு வரியில் தடைகள். கீழே நீண்ட பட்டியலாக, இன்னும் செய்யக்கூடியவை. கடைசி வரியில், “அவள் கண்ணில் படாத இடத்தில் முறையை முடித்தால் ஒரே பகடை” என்று அடிக்கோடிட்டிருந்தார். அட்டையின் நோக்கம் நினைவூட்டல் மட்டுமல்ல. டிஎம் “நீ பயந்துட்ட” என்று சொன்ன நொடியில் எதிரே இருப்பவர் தம் பங்கு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். அதே நொடியில் கைக்கு வரும் அட்டை, அடுத்து என்ன என்ற கேள்வியை அவரிடமே திருப்பிவிடுகிறது.

இவற்றுடன் மூன்று சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. கூடத்தில் வரிசையாகத் தூண்கள் உண்டு என்று முதல் நாளே டிஎம் வாயால் சொல்லியிருந்தாலும் விரிப்பில் அவற்றை வரையவில்லை. இனி மறைவிடங்கள் எல்லாம் வரையப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டாவதாக, அச்சம் தரும் எதிரியைச் சந்திக்கும் முன் அதுபற்றிக் கதைக்குள்ளேயே ஒரு துப்பு கிடைக்க வேண்டும். இதன்படி உப்பளத்துக் கிழவர் ஒருவர் பாத்திரமாக வந்து, அவளைப் பார்த்தவர்கள்தான் உறைந்துபோனார்கள், தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தவன் பிழைத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவதாக, அச்சத்தைத் தம் பாத்திரம் எப்படி உணர்கிறது என்று நன்றாக விவரிப்பவருக்கு, பிறகு ஓர் உருட்டலில் செலவழிக்கக்கூடிய இன்ஸ்பிரேஷன் என்ற பரிசை வழங்குவது. விசார்டின் மறுப்புக்கு ஒரு சமாதானமாக இது சேர்க்கப்பட்டது.

ஒப்பாரி பற்றி விவாதம் எதுவும் நடக்கவில்லை. இனி குரலெடுத்துப் பாடுவதில்லை, அலறல் கேட்கிறது என்று சொல்வதோடு சரி என்று டிஎம் அறிவித்தார். பாத்திரத்துக்கு வர வேண்டிய பயம் ஆடுபவரைப் போய்ச் சேர்ந்தால் எந்தச் சேவும் அதைத் தடுக்காது.

இரண்டாம் மோதல்

கதைக் கணக்கில் சில நாட்கள் கழித்துப் பாத்திரங்கள் அதே மாளிகைக்குத் திரும்பின. ஒருமுறை தாங்கியவரையும் தெளிந்தவரையும் அந்தப் பான்ஷீயின் முகம் 24 மணி நேரம் பாதிக்காது. அந்தக் காப்பு எல்லோருக்கும் காலாவதியாகியிருந்தது. வாசலிலேயே கிளெரிக், புரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் மந்திரத்தை ஃபைட்டர் மேல் போட்டார். முதல் நிலை மந்திரம்தான். ஆனால் இறவாப் பிசாசுகளால் அந்த ஆளை அச்சுறுத்த முடியாதபடி பத்து நிமிடம் காக்கும். விலை வேறு இடத்தில் இருந்தது: இதற்கு மனக்குவிப்பு வேண்டும் என்பதால், மனக்குவிப்பு தேவைப்படும் வேறு எந்த மந்திரத்தையும் நான் எடுக்க முடியாது. ஒருவரின் அச்சத்தை நீக்க இன்னொருவரின் வலிமையில் பாதி அடகு போனது. இந்தப் பேரம் எனக்குச் சரியாகவே பட்டது.

முதல் சுற்றில் பான்ஷீ முகத்தைக் காட்டியபோது ஃபைட்டர் நேரே நடந்து சென்று அவள் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை ரோக்கும் விசார்டும் பயந்தார்கள். அட்டை இரண்டு பேரிடமும் போயிற்று. விசார்ட் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜிக் மிசைலை எண்ணத் தொடங்கினார். ரோக்கின் முறை வந்தபோதுதான் எல்லோரும் விரிப்பை நோக்கிக் குனிந்தார்கள்.

ரோக் 40 அடி தள்ளி ஒரு தூணருகே இருந்தார். தூணுக்குப் பின்னால் போய், கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஒளிந்தார். அங்கிருந்து பான்ஷீ தெரியாததால் ஒளியும் உருட்டலுக்கு டிஸ்அட்வான்டேஜ் இல்லை. பிறகு எட்டிப் பார்த்து அம்பு விட வேண்டும். எட்டிப் பார்க்கும்போது அவளை நெருங்கிவிடக் கூடாதே என்று டிஎம் ஒரு நூலை எடுத்துச் சிவப்புக் காயிலிருந்து தூண்வரை பிடித்து அளந்தார்; பக்கவாட்டு நகர்வுதான், தூரம் குறையவில்லை. அவளைப் பார்ப்பதால் அச்சத்தின் டிஸ்அட்வான்டேஜ் வருகிறது. ஒளிந்திருந்து எய்வதால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடையில் பெரிய எண்ணை எடுக்கும் சலுகை, வருகிறது. இரண்டும் மோதினால் இரண்டும் இல்லை என்பது விதி. டிஸ்அட்வான்டேஜ் இல்லையென்றால், எதிரியின் ஐந்து அடிக்குள் நம் ஆள் ஒருவர் நிற்கும்வரை ஸ்னீக் அட்டாக் செல்லும். ஃபைட்டர் அங்கேதான் நின்றார். “அப்ப மூணு டைஸ் சேத்து உருட்டலாமா ணா?” என்று ரோக் கேட்டார். டிஎம் விதிநூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உருட்டு என்றார். மந்திர அம்பு இல்லாததால் சேதத்தில் பாதிதான் அவளுக்கு ஏறியது. ஆனாலும் அன்றைய ஆட்டத்தில் பேசப்பட்ட அடி அதுவே. எய்தபின் மீண்டும் தூணுக்குப் பின்னால் போய் முறையை முடித்ததால், ஹாஃப்லிங்குக்கு உரிய அட்வான்டேஜோடு மறு சேவ் உருட்டித் தெளிந்தார்.

தூண் நிரந்தரப் பாதுகாப்பு அல்ல என்பதையும் டிஎம் உடனே உணர்த்தினார். பான்ஷீ உருவற்றவள், பறப்பவள், சுவரையும் தூணையும் ஊடுருவிப் போகக்கூடியவள். அடுத்த முறையில் அவள் தூண் வழியாகவே புகுந்து வந்தாள். இது இல்லாவிட்டால் எல்லோரும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு சண்டையைக் கண்ணாமூச்சியாக்கியிருப்பார்கள்.

மூன்றாம் சுற்றில் அலறல் வந்தது. ஃபைட்டர் தாங்கினார், கிளெரிக் விழுந்தார். விழுந்தவரின் மனக்குவிப்பு கலையும்; ஃபைட்டர் மேல் இருந்த காப்பு அதோடு போயிற்று. நான்காம் சுற்றில் பான்ஷீ மீண்டும் முகத்தைக் காட்ட, ஃபைட்டர் சேவில் தோற்றார். அட்டை அவர் முன்னால் வந்தது. அவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, நான் ஏற்கெனவே பக்கத்தில்தானே இருக்கிறேன், நெருங்க வேண்டியதே இல்லையே என்றார். நின்ற இடத்திலிருந்து இரண்டு தாக்குதல்கள். பான்ஷீயின் ஏசி, அதாவது அடி பட உருட்டல் எட்ட வேண்டிய எண், 12 மட்டுமே. அவருக்குச் சாதாரணமாக 80 விழுக்காடு வாய்ப்பு, டிஸ்அட்வான்டேஜில் 64. ஒன்று பட்டது, ஒன்று தவறியது. அதே சுற்றில் விசார்டின் மிசைல்கள் அவளை முடித்தன.

பின்விளைவுகள்

அட்டை நிலைத்துவிட்டது, இப்போது முடக்கம், விஷம், குருடு ஆகிய நிலைகளுக்கும் தனித்தனி அட்டைகள் உண்டு. ஃபைட்டரை ஆடுபவர் வரத் தவறுவதில்லை என்று சொல்ல முடியாது, ஷிப்டு அப்படி. ஆனால் வரும் நாட்களில் கைபேசி பையிலேயே இருக்கிறது. ஆறாம் நிலையில் அவர் விஸ்டத்துக்கான ரெசிலியன்ட் ஃபீட் என்ற சிறப்புத் திறனை எடுத்தார். 8 என்பது 9 ஆனதால் மைனஸ் ஒன்று மாறவில்லை. தேர்ச்சி சேர்ந்ததால் மொத்தம் கூட்டல் இரண்டாயிற்று. பான்ஷீ போன்ற ஒன்றின் எதிரே 35 விழுக்காடு 50 ஆகும். வாளுக்கு வலு சேர்க்கும் வாய்ப்பை விட்டுக்கொடுத்து இதை எடுத்தது அவருடைய சொந்த முடிவு, யாரும் சொல்லவில்லை.

இன்ஸ்பிரேஷன் யோசனை எடுபடவில்லை. இன்ஸ்பிரேஷனைச் செலவழித்தால் ஓர் உருட்டலுக்கு அட்வான்டேஜ் கிடைக்கும். அது அச்சத்தின் டிஸ்அட்வான்டேஜை அப்படியே அடித்துவிடும். நாலு வரி நடுக்கத்தை விவரித்தால் பயத்தின் விலை தள்ளுபடி என்றாகிவிட்டது. இரண்டாம் மோதலிலேயே விசார்ட் முழங்கால் நடுங்குவதைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். ரோக் அதைவிட நீளமாக ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். அடுத்த வாரமே டிஎம் அதைக் கைவிட்டார். விவரிக்க விரும்புபவர்கள் இப்போதும் விவரிக்கிறார்கள், சுருக்கமாக.

இன்னொரு கேள்வியும் எழுந்தது: எதிரிகள் மட்டும் ஏன் பயப்படுவதே இல்லை? இதே ஆட்டத்தின் 1981-ஆம் ஆண்டு பேசிக் விதிகளில் ஒவ்வொரு எதிரி வகைக்கும் ஒரு மன உறுதி எண் இருந்தது. கூட்டத்தில் முதல் சாவு விழும்போதும் பாதிப் பேர் வீழும்போதும் டிஎம் இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டுவார். எண்ணைத் தாண்டினால் அவை ஓடும் அல்லது சரணடையும். எங்கள் டிஎம் இதைக் கொள்ளையர் கூட்டங்களுக்கு மட்டும் கொண்டுவந்திருக்கிறார். சண்டைகள் சீக்கிரம் முடிகின்றன என்பதைத் தாண்டி இதன் பலனை இன்னும் நான் மதிப்பிடவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

அச்சம் தரும் ஆற்றலை முதல் சுற்றின் முதல் ஆக்‌ஷனாகவே பயன்படுத்துவதை டிஎம் தள்ளிப்போட வேண்டும் என்பது என் பரிந்துரை. இரண்டாம் மோதலில் ஃபைட்டர் முன்பே பக்கத்தில் போய் நின்றுவிட்டதால்தான் நான்காம் சுற்றின் அச்சம் அவருக்கு ஒரு சிக்கலாக வந்தது. முதல் சுற்றில் வந்திருந்தால் அது ஒரு வேலி. நெருங்குவதற்கு முன் விழும் அச்சமும் நெருங்கிய பின் விழும் அச்சமும் விதிநூலில் ஒன்றாக இருந்தாலும் மேசையில் வேறுவேறு. டிஎம் இதைப் பாதி ஏற்றிருக்கிறார். புத்தியுள்ள எதிரி தன் சிறந்த ஆயுதத்தை ஏன் காத்து வைக்க வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கேள்வி நியாயமானது.

அட்டையால் தீராதது ஒன்று இருக்கிறது. அடுத்த கதைப் பகுதி ஒரு கல்லறைக்குள் நடக்கிறது. அங்கே மம்மிகள் உண்டு. மம்மியின் பார்வைக்கு 11 உருட்டினால் போதும். ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேல் குறைந்து தோற்பவர் பயப்படுவதோடு முடங்கியும் போவார். மம்மியின் அடுத்த முறை முடியும்வரை எதுவும் செய்ய முடியாது, இடையில் மறு சேவும் இல்லை. ரெசிலியன்ட் எடுத்த பின்னும் ஃபைட்டர் முடங்கும் வாய்ப்பு 20 விழுக்காடு. எடுக்காமல் இருந்திருந்தால் 35. முடங்கியவர் முன் வைக்கும் அட்டையில் எழுத ஒன்றுமில்லை.

இதற்கு வழி தேடியபோது, பார்வை வேலை செய்ய இலக்கானவரும் மம்மியைப் பார்க்க வேண்டும் என்ற வரியை ரோக் எடுத்துக் காட்டினார். அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாமா என்று ஃபைட்டர் கேட்டார். டிஎம் ஒப்புக்கொண்டு ஒரு தீர்ப்பும் சொன்னார்: கண்ணை மூடுவதாகத் தம் முறையில் அறிவிக்க வேண்டும், அடுத்த தம் முறை வரும்வரை திறக்க முடியாது, அதுவரை அவர் அடிக்கும் அடிகள் டிஸ்அட்வான்டேஜில் விழும், மம்மி அவரை அடிப்பது அட்வான்டேஜில் நடக்கும். எந்தச் சுற்றில் மூடுவது, எந்தச் சுற்றில் திறப்பது என்று ஃபைட்டரும் ரோக்கும் இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.